நான் கேட்டதாக எழுதியவை

இதில் நல்ல வரி என்று எது பட்டாலும் அது என் மனைவி சொன்னது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவும் நடந்தது.

இன்னொன்று. ஜாஸ் பற்றி எழுத உட்கார்ந்தவன் ஒரு கலைஞரின் பெயரைக்கூடச் சொல்லவில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். பெயர்கள் எனக்குத் தெரியும். அளவுக்கு மிஞ்சியே தெரியும். எந்த ட்ரம்பெட்காரர் யாரோடு கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனார், எந்த இசைத்தட்டின் அட்டைப் படத்தை யார் எடுத்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் பெயர்களை அள்ளி வீசித்தான் இருபது வருடமாக ஒரு பெரிய மனிதன் போல நடமாடினேன். ஆகையால் இங்கே ஒரு பெயரும் கிடையாது.

நான் மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். படித்து முடித்ததும் முதலில் கிடைத்த வேலை கண்டியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசை. மாலையில் மூன்று பேர் வந்து அங்கே ஜாஸ் வாசிப்பார்கள். வெள்ளைக்காரர்களும் கொழும்பிலிருந்து வந்த பணக்காரர்களும் கண்ணை மூடிக்கொண்டு தலையை மெல்ல ஆட்டிக் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது அந்த இசையா, அதைக் கேட்கிறவர்கள் உட்கார்ந்திருந்த தோரணையா என்று கேட்டால், தோரணைதான். இந்தச் சங்கீதத்தைக் கேட்கிறவனை தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் பிறந்தவன் என்று யாரும் நினைக்கமாட்டார்கள் என்று அந்த வயதில் கணக்குப் போட்டேன். பிறகு ஓர் அலுவலகத்தில் இலிகிதர் வேலை கிடைத்து ஹோட்டலை விட்டேன். தலையாட்டுவதை மட்டும் விடவில்லை.

அப்படித் தலையாட்டி ஆட்டித்தான் டொக்டர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். டொக்டர் என்றால் பல் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், ஆனால் கண்டிக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேல். அம்பிட்டிய வீதியில் ஒரு பழைய வீடு. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். முன் அறையில் இரண்டு அலுமாரி நிறைய இசைத்தட்டுகள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அங்கே கூடுவோம். டொக்டர், நான், மடவளையில் புடைவைக் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் அண்ணன், பேராதனையில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒருவர். கணிதக்காரர் அதிகம் பேசமாட்டார். கதிரைக் கையில் விரலால் தாளத்தை எண்ணிக்கொண்டே இருப்பார்.

அவரவர் தனக்குப் பிடித்த தட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். இரண்டு பாட்டுப் போட்டுக் கேட்போம், சண்டை பிடிப்போம், வடை சாப்பிடுவோம். போகும்போது ஒருவர் கொண்டுவந்த தட்டை இன்னொருவர் ஒரு மாதத்துக்கு வீட்டுக்கு எடுத்துப் போவார். திருப்பிக் கொண்டுவரும்போது அட்டைக்குள் ஒரு சீட்டு வைத்துத் தர வேண்டும். அதில் தான் என்ன கேட்டேன் என்று நாலு வரி. சீட்டை எழுதியவர் சத்தமாக வாசிக்க வேண்டும். பிறகு அது தட்டுக்குச் சொந்தக்காரரிடம் போய்விடும்.

இதுவரை பிரச்சினை இல்லை. நானும் முதல் இரண்டு மாதம் அட்டையின் பின்பக்கத்தில் இருந்ததையும் இன்டர்நெட்டில் இருந்ததையும் கலந்து ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டினேன். மூன்றாம் மாதம் டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இஞ்ச பாருங்கோ, இனி எல்லாரும் தமிழிலதான் எழுத வேணும். இங்கிலீசில எழுதினா ஆரோ வெள்ளைக்காரன் எழுதினதைத்தான் எழுதுவியள். தமிழில இதுக்கெண்டு ரெடிமேட் வசனம் ஒண்டும் இல்லை. சொந்தமாத்தான் எழுத வேணும். வாத்தியகாரரின்ர பேரும் போடக் கூடாது. காதில விழுந்ததை மட்டும் எழுதுங்கோ."

என்னைத்தான் பார்த்துச் சொன்னார் என்று அப்போதே சந்தேகம். நாற்பது வருடம் மற்றவர்களின் வாயைத் திறக்கவைத்துச் சொத்தையைத் தேடிய மனிதர் அல்லவா.

நானாவுக்கு இது வெல்லம் சாப்பிட்ட மாதிரி. அடுத்த மாதமே வேகமான ஒரு சாக்ஸபோன் தட்டுக்கு அவர் எழுதி வாசித்தார்: "இந்த மனுசனுக்கு அஸர் தொழுகைக்கு நேரமாகிட்டுது. ஓடுறார். ஓடக்குள்ள வழியில காண்ற எல்லாருக்கும் ஸலாமும் சொல்லிட்டு ஓடுறார்." எல்லோரும் சிரித்தோம். அந்தத் தட்டை மறுபடி போட்டபோது உண்மையாகவே ஒரு மனிதர் மடவளைச் சந்தியில் ஓடிக்கொண்டிருந்தார். நான் என் சீட்டை வாசித்தேன். "மிக இனிமையான இசை. ஆழ்ந்த உணர்வு." டொக்டர் "சரி" என்றார். அந்த "சரி" வீட்டுக்கு வரும்வரை காதில் குத்தியது.

நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மேட்டு வீட்டில் இருக்கிறோம். என் மனைவி பன்வில தோட்டத்துக்காரி. வீட்டில் தையல் வேலை செய்கிறாள், பாடசாலைச் சீருடையும் சட்டைகளும். மகள் கொழும்பில் வேலைக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். கோபம் ஒன்றும் கிடையாது. பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். "கேஸ் முடியப் போகுது", "குடை எடுத்துக்கிட்டீங்களா", "பஸ் லேட்டா". இருபத்தைந்து வருடம் இப்படியே போனால் அதுவே வழக்கமாகிவிடுகிறது.

டொக்டர் தன் பழைய ரெக்கோர்ட் பிளேயரை எனக்கு இரவல் தந்திருந்தார். அதை வைக்க முன் அறையில்தான் இடம் இருந்தது. அவளுடைய தையல் மெஷினும் அங்கேதான். டொக்டரிடமிருந்து வாங்கி வந்த ஒரு தட்டை வேலை முடிந்து வந்து தினமும் போடுவேன். ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு யோசிப்பேன். ஒரு வரிகூட வராது. மூன்றாவது கிழமை தாளைக் கசக்கி எறிந்தேன்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "என்னங்க, இதுல அடியில ஒரு பெரிய கம்பி வாத்தியம் கேக்குதே, அது என்னா?"

"டபுள் பேஸ்" என்றேன், எரிச்சலோடு.

"அவருதான் வீட்டுக்காரரு போல. மத்தவங்க எல்லாம் வர்றாங்க, பேசுறாங்க, சண்ட போடுறாங்க, போறாங்க. அவரு மட்டும் கதவ சாத்தாம உக்காந்து இருக்காரு. எல்லாரும் போனதுக்கு அப்புறம் அவருதான் வெளக்க அமத்துவாரு."

நான் மறுபடி ஊசியை முதலில் வைத்தேன். பதினைந்து வருடமாக என்னிடம் சீடியாக இருந்த இசை அது. அந்த பேஸ்காரரின் வாழ்க்கை வரலாறு முழுக்கத் தெரியும். அவர் விளக்கை அணைப்பது அன்றுதான் கேட்டது. கடைசியில் உண்மையாகவே அவர் மட்டும்தான் மிஞ்சி இருந்தார்.

"எப்பிடி இதெல்லாம் தனித்தனியா கேக்குது உனக்கு?" என்று கேட்டேன்.

"இது என்னங்க பெரிய விசயம். லயத்துல படுத்துக்கிட்டே எந்தக் காம்பராவுல யாரு இருமுறாங்க, யாரு கோவத்துல சட்டிய வக்கிறாங்க, எந்தப் புள்ள பொய்யா அழுவுதுன்னு தெரியாதா? ஒரே நேரத்துலதான எல்லாம் கேக்கும். அது மாதிரிதான்."

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே சுவர் இருக்கும், ஆனால் அது கூரைவரை போகாது. மேலே இருக்கும் அந்த இடைவெளியால் பத்து வீட்டுச் சத்தமும் ஒரு வீட்டுக்குள் வரும். நானும் அதற்குள்தான் பிறந்து வளர்ந்தேன். ஆனால் நான் காதைப் பொத்திக்கொண்டு படித்தவன். அந்தச் சத்தங்களைக் கேட்காமல் இருக்கப் பழகியதைத்தான் முன்னேற்றம் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்டு வளர்ந்தாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவள் சொன்னதை அப்படியே எழுத்துத் தமிழுக்கு மாற்றி எழுதிக்கொண்டு போனேன். ஞாயிறு வாசித்தேன். கணிதக்காரரின் விரல்கள் நின்றுவிட்டன. டொக்டர் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்.

"ஐசே, இதை நீர்தானே எழுதினனீர்?"

எனக்காகவே திறந்து வைத்த கதவு அது. "இல்லை டொக்டர், என் மனைவி சொன்னது" என்று சொல்ல ஐந்து விநாடிகூட ஆகாது. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள், சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

"ஆமா டொக்டர், நான்தான்" என்றேன். எழுதியது நான்தானே, கை என்னுடையதுதானே என்று எனக்குள் ஒரு சமாதானம் வேறு.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தட்டு, அதற்கு ஒரு சீட்டு. ஒரு ட்ரம்பெட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இவரு அழுது முடிச்சிட்டாருங்க. மூஞ்சி கழுவிட்டு வந்து ஒன்னும் நடக்காத மாதிரி பேசுறாரு." ட்ரம்ஸை ப்ரஷ்ஷால் மெல்லத் தேய்த்து வாசிக்கும் ஒருவரைப் பற்றி: "வாசல் கூட்டுற ஆளு உள்ள பேசுறத எல்லாம் காதுல வாங்கிக்கிட்டே கூட்டுவாரு பாருங்க. நம்ம பேச்ச நிறுத்துனா அவரும் நிறுத்துவாரு." எல்லாவற்றையும் எழுதினேன். எல்லாவற்றையும் என் காது கேட்டதாக வாசித்தேன். "தம்பிக்கு அல்லாஹ் தந்த காது" என்றார் நானா. கணிதக்காரர்கூட ஒரு நாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சீட்டுப் பழக்கம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாட்டுக் கேட்டு வடை சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று நினைத்திருந்தாள். அவளை அங்கே கூட்டிப்போகலாம் என்று ஒரு தடவையாவது நினைத்தேனா என்றால் இல்லை. நினைத்தால் மாட்டிக்கொள்வேனே.

ஆனால் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவள் பேசத் தொடங்கியிருந்தாள். நான் வேலை முடிந்து வரும் நேரத்துக்குப் பிளேன்டீ ஊற்றி வைத்துவிட்டு "இன்னிக்கு எதப் போடுறீங்க?" என்று கேட்பாள். மெஷினை நிறுத்திவிட்டுக் கதிரையை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருவாள். ஒரு பாட்டிலிருந்து அவளுடைய அப்பாவின் பேச்சு வரும், அதிலிருந்து அவள் பள்ளிக்கூடம் விட்ட கதை வரும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாத எவ்வளவோ சொன்னாள். ஒரு நாள் கடைக்குப் போகும் வழியில் பாலத்தின் மேல் நின்று, "மேல போற பஸ்ஸு, கீழ போற தண்ணி, நடுவுல அந்த லொத்தர் விக்கிற ஆளு, ஒரு ரெக்கோர்ட்டு மாதிரி இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம். இதை இழக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அடுத்த சீட்டுக்கு என்ன என்பதுதான் என் கவலை.

எங்களுக்கு முதலில் ஒரு பையன் பிறந்தான். மூன்று நாள் இருந்தான். மகள் பிறந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. அவனைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பிறகு எந்த நாளில் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

நானாவிடமிருந்து அந்த மாதம் எனக்கு வந்தது ஒரு தனிப் பியானோ. ஒரு பௌர்ணமிப் போயா தினம், எனக்கு லீவு. மதியம் பெய்த மழை விட்டிருந்தது. தட்டைப் போட்டேன். ஆறுதலாக வாசிக்கிற மனிதர். ஒரு சுரத்தை வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு இருப்பார் போலிருந்தது. அவள் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் காத்துக்கொண்டு இருந்தேன், பூனை மாதிரி.

"என்னங்க," என்றாள், "பையன் போயி நம்ம வீட்டுக்கு வந்தமே, ஞாபகம் இருக்கா? நீங்க கதவுகிட்ட நின்னீங்க. நான் கட்டில்ல. இதே மாதிரி மழ விட்டுருச்சி. தாவாரத்துல மட்டும் தண்ணி சொட்டுச்சி. ஒரு சொட்டு விழும். அடுத்தது எப்ப விழும்னு ரெண்டு பேரும் அதையே கேட்டுக்கிட்டு இருந்தோம். நீங்களும் கேக்குறீங்கன்னு எனக்குத் தெரியும். இவரு அப்பிடித்தான் வாசிக்கிறாரு. ஒன்ன வாசிச்சிட்டு, அடுத்தது வருமா வராதான்னு அவருக்கே தெரியல."

இருபத்துநான்கு வருடம் கழித்து அவனைப் பற்றி அவள் வாயைத் திறந்தாள். எனக்கும் அந்தச் சொட்டுகள் கேட்டன, அது பொய் இல்லை. ஆனால் அதே நேரம் என் மூளையின் ஒரு மூலை, "இது மறந்துபோவதற்குள் எழுது" என்றது. நான் எழுந்து உள் அறைக்குப் போனேன். மேசை இலாச்சியில் பேனாவைத் தேடி, ஒரு பில்லின் பின்பக்கத்தில் அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினேன். பத்து நிமிடம் இருக்கும். வெளியே வந்தபோது தட்டு முடிந்து ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து என் தோளில் ஒரு நிமிடம் கையை வைத்தாள். பிறகு தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

அடுத்த கூட்டத்தில் அதையும் வாசித்தேன். "எங்கள் மகன் மூன்று நாள் இருந்தான்" என்று தொடங்கினேன். "தாழ்வாரம்" என்று அவள் சொன்னதைக் "கூரை விளிம்பு" என்று மாற்றியிருந்தேன், கவிதையாக இருக்கட்டும் என்று. முடிக்கும்போது நானா கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். டொக்டர் எழுந்து போய்த் தன் கையாலேயே எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அந்தத் தேத்தண்ணியை நான் மிகவும் ரசித்துக் குடித்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது வாசலில் பெரிய சைஸ் செருப்பு ஒரு சோடி கிடந்தது. முன் அறையில் நானா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளேன்டீ கோப்பை. எதிரே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மேசையில் அந்தப் பியானோத் தட்டு.

"வாங்க தம்பி," என்றார் நானா. "உங்களுக்குத்தான் பாத்துட்டு ஈக்கிறேன். இந்தத் தட்டு இனி என்ட வீட்டுல ஈக்கிறது சரியில்ல. நீங்க எழுதினதுக்குப் பொறகு இது உங்கடதான். அதான் கொண்டாந்தேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, உங்கட மகன்ட விசயம் எங்களுக்குத் தெரியாது. தம்பி எழுதினத வாசிச்சித்தான் தெரிய வந்தது. என்ட பொண்டாட்டிக்கும் வாசிச்சிக் காட்டினேன், அவளும் அழுதுட்டா. அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையத் தரட்டும்."

அவள் கையில் சீட்டு இருந்தது. வாசித்து முடித்திருந்தாள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அதில் இருந்த சொற்கள் யாருடையவை என்பதும் தெரியும். கீழே என் பெயர்.

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவில் நின்றேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் நானாவின் முன்னால் அம்மணமாகிவிடுவேன். சொல்வாள் என்றுதான் நினைத்தேன். சொல்லட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அவள் சீட்டை மடித்து அட்டைக்குள் வைத்தாள். "ஆமாங்க நானா," என்றாள். "அவரு நல்லா எழுதுவாரு." பிறகு என்னைப் பார்க்காமல், "இன்னொரு டீ ஊத்தவா உங்களுக்கு?" என்று அவரிடம் கேட்டாள்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காப்பாற்றிவிட்டாள், அதுதான் தாங்கவில்லை.

அன்றும் அடுத்த நாட்களிலும் அவள் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. சட்டை தோய்த்து மடித்து வந்தது. நான் தட்டைப் போட்டால் மெஷின் நிற்காது. சத்தத்தைக் கூட்டினால் அவளும் வேகமாக மிதிப்பாள். ஒரு தடவை வாய்விட்டே கேட்டேன், "இது எப்பிடி இருக்கு?" என்று. "எனக்கு என்னங்க தெரியும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருக்கிறதா என்று நான் நன்றாகவே தேடிப் பார்த்தேன்.

அடுத்த முதல் ஞாயிறு டொக்டர் வீட்டில், வடை வருவதற்கு முன்பே எழுந்து நின்று சொல்லிவிட்டேன். அந்த முதல் சீட்டிலிருந்து எல்லாம் என் மனைவி சொன்னது, நான் களவெடுத்து எழுதினேன் என்று. மகனைப் பற்றியதும் அவள் சொன்னதுதான் என்று. கணிதக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நானா, "அஸ்தக்ஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும்" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தான் அந்த வீட்டில் போய் என்ன செய்துவிட்டு வந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

டொக்டர் மட்டும் அசையவில்லை.

"எனக்கு முதல் நாளே ஒரு ஐமிச்சம் இருந்தது," என்றார். "அதுதான் கேட்டனான், நீர்தானே எழுதினனீர் எண்டு. ஐசே, நீர் ஒரு ஆளைப் பத்திக் கதைச்சா அந்த ஆள் எங்க படிச்சது, என்ன உத்தியோகம் எண்டுதான் சொல்லுவீர். அந்தச் சீட்டில இருக்கிற ஆள் மனுசரைப் பாக்கிற ஆள்." கொஞ்சம் நிறுத்தினார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. அடுத்த மாசம் அவவைக் கூட்டிக்கொண்டு வாரும். அவ இஞ்ச இருக்க வேண்டிய ஆள். நான் கேட்டனான் எண்டு சொல்லும்."

மடவளை பஸ்ஸில் நானாவும் நானும் கட்டுகஸ்தோட்டைவரை ஒன்றாகத்தான் வந்தோம். நான் இறங்கும்போது, "தங்கச்சிக்கிட்ட என்ட ஸலாம் சொல்லுங்க" என்றார். மேட்டில் ஏறும்போது எனக்கு மனது இலேசாகிவிட்டது. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, மன்னிப்பும் ஏறக்குறையக் கிடைத்துவிட்டது, போதாததற்கு அவளுக்கு ஒரு அழைப்பையும் கொண்டுபோகிறேன். பரிசு வாங்கிக்கொண்டு போகிறவன் மாதிரி நடந்தேன். என் புத்தி அப்படிப்பட்டது.

அவள் ஒரு வெள்ளைச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டுப் பழக்கம், முதல் பொய், இன்று எழுந்து நின்று சொன்னது, டொக்டர் அழைத்தது.

"அடுத்த மாசம் நீயும் வா," என்றேன். "நீ சொல்றத அவங்க உன் வாயாலயே கேக்கணும்ங்கிறாங்க. உன்னோட பேருலயே சீட்டு எழுதலாம்."

பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "நான் அங்க வந்து என்னாங்க சொல்றது?"

"இங்க சொன்னதத்தான்."

"இங்க நான் பாட்டப் பத்தி சொல்லலீங்க. உங்ககிட்ட பேசுனேன்."

அவள் சட்டையை மடியில் விரித்துக் கையால் தடவி நேராக்கினாள்.

"மத்ததெல்லாம் எழுதுனதுக்கு எனக்குக் கோவம் இல்ல. எழுதிட்டுப் போங்க. கேட்டிருந்தா நானே இன்னும் நாலு சொல்லியிருப்பேன்," என்றாள். "பையனப் பத்தி சொன்ன அன்னிக்கு நீங்க எந்திரிச்சி உள்ள போனீங்க. எம் முன்னால அழ வெக்கப்பட்டுக்கிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன். ரொம்ப நேரம் வரல. சரி, அழட்டும், இத்தன வருசமா அழாத மனுசன் இப்பயாவது அழட்டும்னு நானும் கூப்பிடாம இருந்தேன். அதுக்கு அப்புறம் ஒரு மாசம் எனக்கு மனசு எவ்வளவு லேசா இருந்திச்சி தெரியுமா?"

ஊசியைப் பெட்டியில் குத்தி வைத்தாள். அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள். நானா வந்துபோன பிறகு முதல் தடவை.

"பேனா எடுக்கத்தான் போனீங்களா?"

ஆமா என்றேன்.